கட்டைவிரலில் பார்த்த நாடி

1. விழுப்புரத்தில் நர்ஸாக இருக்கும் எனக்கு நெஞ்சு வலி வந்தது.
2. பட்டணத்துக்குப் போய் இருதயத் துடிப்பைப் படமெடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.
3. அங்கிருந்து அழைப்பு வரும்வரை வேலைக்கு வரலாம் என்றார்.
4. ஆள் இல்லாதபோதெல்லாம் என் நாடியையே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம். அந்த விரலில் நம்முடைய துடிப்பே தெரியும். ஒரு காலையில், காய்ச்சல் விட்டுப் படுத்திருந்த வளவனூர்க் கூலிக்காரப் பெண்ணின் கையைப் பிடித்தேன். துடிப்பு தறிகெட்டு ஓடியது. எனக்கு வேர்த்துவிட்டது.

“இன்னாம்மா, என் கையப் புடிச்சிக்கினு உனக்கு இப்டி வேர்க்குது? நான் போய்டுவேனா?” என்று அழுதாள்.

குனிந்து பார்த்தேன். அவள் மணிக்கட்டில் இருந்தது என் கட்டைவிரல். இவ்வளவு நேரம் என் துடிப்பைத்தான் எண்ணியிருக்கிறேன். விரலை மாற்றினேன். அவள் நாடி நிதானமாக இருந்தது.

“உனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப யாருக்கு நல்லா இல்ல?” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த வெள்ளை உடுப்புக்குள் கூனிக்குறுகி நின்றேன். என் பயத்தால் ஒரு நோயாளியை அழவைத்திருந்தேன்.

பட்டணத்திலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. வலி அப்படியே இருக்கிறது. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். நாடி பார்க்கும் வேலையை இப்போது வேறொரு நர்ஸ் செய்கிறாள்.