பெட்டிக்குள் தண்ணி

எங்கள் வீட்டில் யாரும் ‘தண்ணி’ என்று சொல்வதில்லை. குடிப்பதற்கும் வாட்டர், குளிப்பதற்கும் வாட்டர். மகள் சின்ன வயதிலேயே இதைப் பழகிக்கொண்டாள். தண்ணி என்றால் அப்பா வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராத நாள் என்று அர்த்தம். பதினெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்மலையில், முருகன் சன்னிதியில், இனிமேல் தொடமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். நம்பவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் அது பல தடவை விடியும்வரைகூடத் தாங்கியதில்லை. என் தம்பி மட்டும், ‘மச்சான் தண்ணீர்மலையில தண்ணிய வுட்டுட்டாரு’ என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் விடிந்தது. மறுநாளும் விடிந்தது. ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. அவர் நேராக வீட்டுக்கு வந்தார். நான் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தேன், மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் பார்த்தேன், கக்கூஸ் தண்ணீர்த்தொட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை என்றால் பத்து காவான் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தேன். நாலு புடவையும் என் ஐசி அடையாள அட்டையும் வைத்த பை ஒன்று அலமாரிமேல் எப்போதும் தயாராக இருந்தது. அது எதற்கு என்று அவர் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாசார் மீன்காரரிடமிருந்து ஐஸ் போட்டுவைக்கும் வெள்ளை நுரைப்பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சவர்க்காரம் போட்டு, எலுமிச்சை தேய்த்து, வெயிலில் காயவைத்தார். இரும்புக் குழாயைச் சூடாக்கி மூடியில் வட்டமாக ஓட்டைகள் போட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் அவர் வேலை செய்யும் பட்டறையில் யாரோ இப்படிக் கீரை வளர்க்கிறார்களாம். மீதியை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

“மண்ணே வேணாம். தண்ணியிலேயே வளரும்,” என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

எங்களுடையது ஜெலுத்தோங்கில் பத்தாவது மாடி. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் மத்தியானம்வரை வெயில் அடிக்கும். அங்கே பெட்டிகளை வைத்தார். ஓட்டைகளில் பிளாஸ்டிக் கப்புகளைச் செருகி, பஞ்சுத்துண்டில் முளைத்த கங்கோங் கீரை நாற்றுகளை நட்டார். மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினார்.

“தொறந்துராத லா. வெளிச்சம் பட்டா பாசி புடிச்சிரும்.”

பதினெட்டு வருஷம் பாட்டிலை ஒளித்துவைத்த மனுஷன், ஒரு மூடிய பெட்டியைக் காட்டித் திறக்காதே என்கிறார். நான் என்ன நினைப்பேன்?

உரம் இரண்டு பாட்டிலில் இருந்தது. ஒன்றில் ஏ, ஒன்றில் பி என்று எழுதியிருந்தது. ஏ பாட்டிலில் இருந்தது பிராந்தி நிறம். என் இருமல் மருந்துக் குப்பியின் மூடியில் அதை ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி அளவு பார்ப்பார். அந்தச் சுருக்கு எனக்குப் பழக்கமானது.

“ரெண்டும் ஒரே அளவு ஊத்தணும். கூடிப்போனா தாங்காது,” என்பார்.

அதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் கிளினிக் கவுன்டரில் வேலை செய்கிறவள். எட்டு மணி நேரம் ஸ்பிரிட் வாசத்தில் உட்கார்ந்தாலும், லிப்டில் வருகிறவன் நேற்றுக் குடித்தானா இன்று குடித்தானா என்று என் மூக்கு சொல்லிவிடும். அவர் குளிக்கப் போனபோது ஏ பாட்டிலைத் திறந்து மோந்தேன். துருப்பிடித்த இரும்பு வாசம். ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். உப்பும் கசப்பும். ஓடிப்போய்த் துப்பினேன். வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். எனக்கோ, இது கண்ணுக்குக் காட்டுவதற்கு வைத்தது, அசல் பெட்டிக்குள் இருக்கிறது என்று தோன்றியது.

அவர் ஆறரைக்கெல்லாம் மோட்டாரோடு பெர்ரி பிடிக்கப் போய்விடுவார். நான் கிளம்ப எட்டாகும். சாயங்காலமும் அவருக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுவேன். இரண்டு வேளையும் டேப்பைப் பிய்த்து, மூடியைத் தூக்கி, உள்ளே மோந்து பார்ப்பேன். அடிவரை கைவிட்டுத் துழாவுவேன். வெள்ளை வேர்கள் விரலில் சுற்றிக்கொள்ளும். உதறிவிட்டு மூடி, அதே டேப்பை மறுபடி அழுத்தி ஒட்டிவிடுவேன்.

முதல் கட்டு கங்கோங்கை வெட்டி அவர்தான் என் கையில் கொடுத்தார். சம்பல் பிளாச்சான் மிளகாய் விழுது போட்டுப் பிரட்டினேன். தண்டு நறுக்கென்று இருந்தது. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கா?”

“இருக்கு.”

உண்மையில் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். பிடித்துப்போனதில் எனக்கே என்மேல் கோபம்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. வேர் பழுப்பாவதும் விரலில் வழுக்குவதும் தெரிந்தது; நான் தேடியது பாட்டிலை, அதனால் கண்டுகொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை கிளினிக்கில் அரை நாள். மத்தியானம் கதவைத் திறந்ததும் வாடை வந்தது. புளித்த வாடை. கள்ளுக்கடை வாசலில் நின்றால் வருமே, அது. அவர் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரிமேல் இருந்த பையை இறக்கினேன். சத்தத்தில் முழித்துக்கொண்டார்.

“எங்க போற?”

“பெட்டியத் தொறங்க.”

என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பின்பக்கம் போய் மூடியைத் தூக்கித் துணி துவைக்கும் மெஷின்மேல் வைத்தார். வாடை அங்கிருந்துதான் வந்தது. வெள்ளையாக இருந்த வேரெல்லாம் பழுப்பாகி, வழுவழுவென்று அழுகித் தொங்கியது. பெட்டி ஓரமெல்லாம் பச்சைப் பாசி. உள்ளே கொசுப்புழு நெளிந்தது. பாட்டில் இல்லை.

டேப்பின் நுனியை விரலால் தொட்டார். ஒட்டாமல் தொங்கியது.

“எத்தன தடவ பிச்ச?”

என் விரல் தானாக அந்த டேப்பை அழுத்தப் போனது.

“எனக்குத் தெரியும். டேப்பு தெனமும் கோணலாத்தான் இருக்கும். தேடட்டும், தேடி ஒண்ணும் கெடைக்கலன்னா நீயே நிப்பாட்டிருவன்னு நெனச்சேன்.”

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாய் அப்படிப்பட்டதல்ல.

“மத்தியானத்துல என்ன தூக்கம்?” என்றேன்.

“நேத்து ஓவர்டைம்,” என்றார். அவ்வளவுதான்.

செத்த செடிகளைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிக் கட்டினார். பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தார். ஒரு பெட்டி அடியில் விரிசல் விட்டிருந்தது. மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

இரண்டு மணி நேரம். பை என் மடியில் இருந்தது. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று ஊரைச் சொல்வோம். இரண்டு வருஷமாகப் பால் குடித்த மனுஷனைப் பக்கத்திலேயே நின்று கள் என்று சொன்னவள் நான். இன்றைக்கு அவர் குடித்துவிட்டு வந்தால் ஊற்றிக் கொடுத்தவளும் நான்தான். எனக்குப் பயமாக இருந்தது. குடித்த காலத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை.

லிப்ட் சத்தம் கேட்டதும் கதவுக்குப் போனேன். அப்போதும் கிட்டே போய் மோந்தேன். என்ன செய்வது, பழக்கம். மீன் வாடை. கையில் புதுப் பெட்டி ஒன்று.

அவர் தரையில் உட்கார்ந்தார். காலி மினரல் பாட்டில் ஒன்றின் கழுத்தை மட்டும் கத்தியால் வெட்டினார். பெட்டி மூடியின் ஓரத்தில் ஓர் ஓட்டை போட்டு, அந்தக் கழுத்தைச் செருகி, சுற்றிப் பசை பூசி அடைத்தார். அதன் திருகுமூடிக்குக் கறுப்பு டேப் சுற்றினார்.

“இதத் தொறந்து மோந்து பாரு. செடிக்கு ஒண்ணும் ஆவாது. பாத்துட்டு இறுக்கி மூடிரு.”

“எவ்ளோ நாளைக்கு?”

“ஒனக்குப் போதும்னு படுற வரைக்கும்.”

நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதினால் பொய். பை மறுபடி அலமாரிமேல்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அவர் கிளம்பும்வரை நான் காத்திருப்பதில்லை. விடிந்ததும் அவர் முன்னாலேயே போய் மூடியைத் திருகி, குனிந்து மோந்துவிட்டு, இறுக்கி மூடுகிறேன். கங்கோங் முழங்கை உயரம் வந்திருக்கிறது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவர் கேட்பார்.

“என்னா இருக்கு உள்ள?”

“தண்ணி,” என்பேன்.