மீதி அடுத்த இதழில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் முகமே சொல்கிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பழைய பத்திரிகை கிடைத்தால் ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவது என் பைத்தியம். அப்படித்தான் எடைக்கு வந்த பழைய பேப்பர்க் கட்டு ஒன்றுக்குள் உலகப்போர்க் காலத்து ராணுவப் பத்திரிகை கொஞ்சம் கிடைத்தது, சிப்பாய்களுக்காகத் தமிழிலேயே அச்சடித்தது. ஒன்றில் பர்மாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சிங்காரம், செம்மண்டலம், கடலூர் என்று பெயரோடு. மழையில் பின்வாங்கும்போது ஆற்றில் இறங்க மறுத்த கோவேறு கழுதையைப் பற்றி அப்படி ஒரு வேடிக்கையான எழுத்து. கடைசியில் ‘மீதி அடுத்த இதழில்’. அடுத்த இதழும் அந்தக் கட்டுக்குள்ளேயே இருந்தது. அதில் மீதி இல்லை.

இதை இணையத்தில் போட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா என்று வக்கீல் நண்பன் செல்வத்திடம் கேட்டேன். "பத்திரிகை கவர்மெண்டோடது மச்சான், அறுபது வருசம் தாண்டிடுச்சு, போட்டுக்க. ஆனா பேர் போட்டு எழுதுனது சந்தேகம். அவரு செத்து அறுபது வருசம் ஆயிருக்கணும், இல்லன்னா வாரிசு கையெழுத்து வேணும்" என்றான்.

செம்மண்டலத்தில் விசாரித்து அவர் மகளைக் கண்டுபிடித்தேன். கோதாவரி அம்மா, எண்பது தாண்டியவர், பள்ளிக்கூடமே போகாதவர். அப்பா சண்டைக்குப் போனபோது கைக்குழந்தையாம். செத்தார் என்று தகவல் வரவில்லை, அதனால் இன்றுவரை திதியும் கொடுத்ததில்லை.

"வாரிசுன்னு எழுதுனா அவரு செத்துட்டாருன்னு ஆயிடுமே தம்பி."

நான் எழுந்தேன். "அவரு எழுதுனத படிச்சாவது காட்டிட்டுப் போ" என்றார். பின்னால் உதவும் என்று போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுப் படித்தேன். நல்ல பட்டப்பகல், தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போகிறார். கழுதை இடத்தில் அந்த அம்மா சிரித்தார். ‘மீதி அடுத்த இதழில்’ என்று முடித்துத் தாளை மடித்தேன்.

நம்பினால் நம்புங்கள். அந்த அம்மா மேலே சொல்ல ஆரம்பித்தார். பேச்சுத்தமிழில் இல்லை, பத்திரிகைத் தமிழில்.

"கழுதை அக்கரை சேர்ந்துவிட்டது. என் பையும் அதன் முதுகில் போய்விட்டது. நான் நடு ஆற்றில் நிற்கிறேன். கயிறு என் கையில் இல்லை. கரையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை."

சொல்லி முடித்ததும் அவர், "போதும் தம்பி. வாரிசுன்னே எழுதிக்க" என்று கட்டைவிரலை நீட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எண்பது வருசமாகக் காத்திருந்த ஒன்றை நானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தது போல இருந்தது. அடுத்த மாதமே அவரும் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் செல்வம் ரெக்கார்டிங்கைக் கேட்டான். "நல்லாத்தான் படிச்சிருக்க மச்சான். முடிவு எங்க கெடச்சுது?" என்றான்.

போனைப் பிடுங்கிக் கேட்டேன். கயிறு கையில் இல்லை என்று அதில் சொல்வது என் குரல். சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அந்தக் கட்டுரையை இணையத்தில் ஏற்றவில்லை. அந்த முடிவை யார் பெயரில் போடுவது?

அதுகூடப் போகட்டும். நான் அந்த அறையில் இருந்த வரைக்கும் கோதாவரி அம்மா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். ரெக்கார்டிங்கில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே அவர் குரல், சின்னப்பிள்ளை மாதிரி, "அப்புறம்ப்பா?" என்று கேட்கிறது.