பேக்கரிச் சுவரில் கொச்சிக்காய்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மிளகாயைக் கொச்சிக்காய் என்போம். கொடைக்கானல் மலையில் பள்ளங்கிக்கு வந்து குடியேறிய பிறகும் அம்மா அப்படியே சொன்னாள். வத்தலக்குண்டு சந்தையில் கடைக்காரர் விழித்தால் பழுத்த மிளகாயைக் கையால் காட்டுவாள். பக்கத்தில் நிற்கும் நான் எடுத்துச் சொல்லலாம். எனக்கு வாய் வராது.

அம்மாவுக்குக் கேரட் கழுவுகிற வேலை. வெள்ளனே போய் ஓடையின் சில்லிட்ட தண்ணீரில் நிற்க வேண்டும். விரலெல்லாம் வெடித்து, சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவாள். ஒரு நாள் கொடைக்கானலில் பன் வாங்கும்போது பேக்கரிக்காரரிடம், தோட்டத்துத் துரை பங்களாவுக்கே எங்கள் வீட்டுக் கொச்சிக்காய்ச் சாறுதான் போகும் என்று கொஞ்சம் கூட்டியே சொல்லிவிட்டாள்.

"அப்டியா? கட்லட்டுக்கு ஒரு சாஸ் வேணும்க்கா. நல்லாருந்தா சீசன் பூரா உங்ககிட்டயே வாங்கிக்கிறேன்" என்றார் அவர்.

அம்மா அன்றைக்கே ஓடை வேலையை விட்டுவிட்டது போல நடந்தாள்.

பழுத்த மிளகாய், உப்பு, மலைப்பூண்டு. அம்மியில் அரைத்து ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டினோம். தோட்டத்தில் அது ரெண்டொரு நாளில் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கிவிட்டால் சாறு பழுத்துவிட்டது என்று கணக்கு. வடிகட்டிப் பாட்டிலில் அடைத்துவிடலாம். இங்கே கொஞ்சம் நுரைத்தது. அப்புறம் மேகம் இறங்கியது. ஜாடி சும்மா கிடந்தது.

அம்மா ஜாடியில் காதை வைத்துப் பார்த்தாள். "அடங்கிருச்சா, இல்ல இன்னும் தொடங்கவே இல்லயா?"

எனக்கும் தெரியவில்லை. நாக்கில் வைத்தால் காரம் இருந்தது, உப்பு இருந்தது, புளிப்பு மட்டும் இல்லை.

அப்பா சிரித்தார். "கொச்சிக்காய்க்கும் குளிருது போல. கம்பளியப் போத்தி விடு."

"ஒங்களுக்கு எல்லாம் பகிடி" என்றாள் அம்மா. சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. நுரைதான் இல்லையே என்று வடிகட்டி, தக்கைகளை இறுக்கி அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேக்கரிக்காரர் பாட்டில்களை அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் அடுக்கினார்.

அடுத்த வாரம் போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏக்கா, பாட்டில்ல என்னத்த அடைச்சீங்க? பட்டாசா? ஒரு தக்கை போயி பிசைஞ்ச மாவுல கெடக்கு!"

உள்ளே சுவரில் கூரை வரைக்கும் சாறு சிவப்பாகத் தெறித்து வழிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தபடி நின்றாள்.

"அதே கொச்சிக்கா, அதே உப்பு, அதே கைதான் மொதலாளி. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கு ஓடைதான் ஞாபகம் வந்தது. நாளைக்கும் அங்கேதான்.

அப்போது அம்மா சுவரை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"ஐயய்யே, செவுத்துல இருந்தா!" என்றார் அவர்.

அம்மா என்னையும் வழிக்கச் சொன்னாள். புளித்தது. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த அதே புளிப்பு. பள்ளங்கி வீட்டில் வராதது இங்கே, வெடித்துச் சிதறிய பிறகு, எப்படி வந்தது? அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பார்த்தாள்.

"மொதலாளி, அடுத்த தடவ ஜாடியவே இங்க கொண்டாந்து வைக்கட்டுமா? நல்லா அடங்கின பொறகு பாட்டில்ல ஊத்துறம்."

அவர் ஒரு கட்லட் துண்டை எடுத்துச் சுவரில் துடைத்து வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது. கோபமா, காரமா என்று எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல செவுத்தக் கழுவுங்க. பெறகு ஜாடிய வைங்க" என்று இருமிக்கொண்டே ஒரு வாளியைத் தள்ளினார்.

எங்களைச் சேர்த்துக்கொண்டாரா, தண்டிக்கிறாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தாள். சாறு விரல் வெடிப்புகளில் இறங்கியிருக்கும்.

"எரியுதாம்மா?"

"எரியுது" என்றாள். கையை மறுபடி வாளிக்குள் விட்டு எடுக்காமல் வைத்திருந்தாள். "ஆனா சுடுதண்ணிடி."