முதல் மழைக்கு ஜன்னல் சாத்தியவர்

மணியாச்சி ஜங்ஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது எங்கள் குமாஸ்தா போன் செய்தார். "அண்ணாச்சி, அக்கா தவறிட்டாவ" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. கோவில்பட்டி கோர்ட்டில் அக்கா என்றால் வக்கீல் உலகம்மாள் ஒருவர்தான். வந்த ரயிலில் ஏறத் தோன்றாமல், பிளாட்பாரத்து வெயிலைப் பார்த்தபடி அங்கேயே இருந்துவிட்டேன். போன வாரம்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஏன் அண்ணாச்சி மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீய? கேஸ்ல தோத்துட்டு வாரீயளா?" என்று என்னைக் கேலி செய்தவர்.

அவரும் நானும் பல வருடங்கள் ஒரே மாடி அறையில் வக்கீல் தொழில் பார்த்தோம். நிலம், வீடு, பாகப்பிரிவினை, இவைதான் இருவருக்கும் சோறு போட்டன. பத்திரம் பார்த்துச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேரை, அந்த மனையில் தண்ணீர் சரியில்லை, வேண்டாம் என்று சொல்லியே திருப்பி அனுப்புவார். பிழைக்கத் தெரியாத மனுஷி என்று நான் எரிந்து விழுவேன். "நாளைக்கு அவிய புள்ளைய அந்தத் தண்ணியக் குடிக்கணும்லா" என்பார். அதற்குமேல் வாதம் கிடையாது. ஒரு காபியை வாங்கி எனக்குப் பாதி ஆற்றிக் கொடுத்து வாயை அடைத்துவிடுவார். முழுக் காபி அவர் வாங்கித் தந்து நான் குடித்ததே இல்லை.

ஒரு விஷயத்தை, கோர்ட்டில் இருக்கிற உங்களில் பலரும் கவனித்திருப்பீர்கள். கோடை வெயிலுக்குப் பிறகு முதல் மழை விழும்போது, கோர்ட்டே வராந்தாவில் நின்று மண்வாசனையை இழுத்து இழுத்து முகரும். உலகம்மாள் மட்டும் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். எதிரில் கட்சிக்காரர் இருந்தாலும் சாத்துவார். சளி பிடிக்கும் என்று பயப்படுகிறார் போல என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

காரணத்தை அவராகத்தான் ஒருநாள் சொன்னார். எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற வழியில் அவர்கள் குடும்பத்துப் புஞ்சை இருக்கிறது. அதில் ஊற்று வற்றிப்போன ஒரு கிணறு. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில், வெளியூர்க் கம்பெனி லாரி ஒன்று வந்து ரசாயனக் கழிவுப் பீப்பாய்களை அதற்குள் உருட்டிவிட்டுப் போனது. அய்யா என்று அவர் கூப்பிடும் அப்பா சம்மதித்துத்தான் நடந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. செத்த மாட்டைப் புதைத்தால் எலும்பை மட்டும் மிச்சம் வைக்கிற மண் நம்முடையது. அந்த நம்பிக்கை கரிசல்காரன் ஒவ்வொருவனுக்கும் உண்டு. "கரிசல் எதையும் தின்னுரும்" என்று சொல்லி, கிணற்றை மண் தள்ளி மூடி, மேலே கம்பு விதைத்துவிட்டார்.

அடுத்த கோடையில் அந்தப் புஞ்சையில் ஓர் ஆட்டுக்காரர் கிடை போட்டிருந்தார். உரத்துக்காக ஆடுகளை ராத்திரி நிலத்தில் அடைப்பது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். முதல் மழை பெய்து, கிணறு இருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. ஆடுகள் குடித்தன. காலையில் உலகம்மாளும் தம்பி ராமசுப்புவும் போய்ப் பார்த்தபோது அத்தனையும் செத்துக் கிடந்தன. ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாராம். மண்வாசனையும் பீப்பாய் நெடியும் ஒன்றாகக் கலந்து அடித்ததாம். அய்யா அந்த ஆடுகளையும் அங்கேயே புதைத்தார். "கரிசல் திங்கும் அண்ணாச்சி, ஆனா செமிக்காது" என்றார் உலகம்மாள்.

நான்குவழிச் சாலை வந்ததும் அந்தப் புஞ்சையை மனை போட ஆள் வந்தது. அய்யா அப்போது இல்லை. நிலம் அக்கா, தம்பி இருவருக்கும் பொது. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். ராமசுப்பு விற்கத் துடித்தார். உலகம்மாள் தன் நிலத்தின் மேல் தானே புகார் எழுதினார். அதிகாரிகள் வந்து மண் எடுத்துப் போனார்கள். கழிவை அகற்றும்வரை அங்கே எதுவும் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. கொட்டியவன்தான் அகற்ற வேண்டும் என்கிறது சட்டம். கொட்டிய கம்பெனியோ இருந்த இடம் தெரியவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்த உத்தரவு மனை வாங்குகிறவன் கண்ணில் படாது, அவன் பார்ப்பது வில்லங்கச் சான்றை மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கிணற்றுக்குள் கிடப்பதை எழுதி, சர்வே எண்ணோடு பத்திரமாகவே பதிவு செய்துவிட்டார். இனி யார் சான்று போட்டாலும் அது தெரியும். தன் சொத்துக்குத் தானே வில்லங்கம் வைத்த வக்கீல் என்று கோர்ட்டே சிரித்தது. "கடன் இருந்தா வில்லங்கம்னு எழுதுதோம். வெசம் கெடந்தா அது வில்லங்கம் இல்லையா?" என்று கேட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ராமசுப்பு அன்றோடு அக்காவிடம் பேச்சை விட்டார்.

ஒரு சித்திரையில் உலகம்மாள் என்னை அந்தப் புஞ்சைக்குக் கூட்டிப் போனார். நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பின் ஓரத்தில், துருவேறிய ஆட்டுமணி ஒன்று மேலே வந்து கிடந்தது. நான் குனிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தொட விடவில்லை. கடைசியில் அவருக்கு நுரையீரல்தான் கெட்டது. எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான்தான் தினமும் அந்தக் கேள்வியோடு தூங்கப் போகிறேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் ராமசுப்பு எங்கள் அறைக்கு வந்தார். ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். அக்காவுக்குக் குடும்பம் இல்லை என்பதால் நிலம் முழுக்க இனி அவருக்குத்தான். அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய எழுதித் தர வேண்டும் என்றார். "செத்தவ எழுதினது செத்தவளோட போவட்டும் அண்ணாச்சி. அங்கன வீடு வந்துட்டா எல்லாம் மறந்துரும்" என்றார். உத்தரவு இருக்கிறதே என்றேன். வேறு வக்கீல் எழுதித் தருவார் என்றார். தருவதற்கு ஆள் உண்டு என்று எனக்கும் தெரியும். அக்காவுக்காக வாதாட வாயெடுத்தேன்.

அப்போதுதான் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கோடையின் முதல் மழை. குமாஸ்தா வராந்தாவுக்குப் போனார். ஜன்னல் வழியாக மண்வாசனை உள்ளே வந்தது. பேசிக்கொண்டிருந்த ராமசுப்பு பாதியில் நிறுத்தினார். அக்காவின் நாற்காலியிலிருந்து எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கொண்டியைப் போட்ட கையை எடுக்காமல், எனக்கு முதுகு காட்டி அப்படியே நின்றார்.

"அந்த ஆட்டுக்காரர் பொறவு எங்க போனாருன்னு அக்கா சொன்னாளா?"

சொன்னதில்லை என்றேன்.

"பத்திரம் அப்பிடியே கெடக்கட்டும்" என்றார். மழையிலேயே இறங்கிப் போனார்.

உலகம்மாளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று அஞ்சலிக் கூட்டத்தில் கேட்டீர்கள். அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். ராமசுப்பு போன பிறகும் மழை பெய்தது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை.