பழைய ஜெயிலுக்கு ஆள் சேர்த்த கதை

காட்சிசாலைக் காவலனுக்குத் திருடன் வருவானோ என்ற பயம் கிடையாது. யாருமே வரமாட்டார்களோ என்ற பயம்தான். கடையைத் திறந்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி ஈ ஓட்டியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

தர்மபுரியிலிருந்து அதியமான்கோட்டை போகும் ரோட்டில் இருந்தது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் மலைக்கு ரோடு வெட்டக் கொண்டுவந்த கைதிகளைக் கால்விலங்கோடு அடைத்துவைத்த கொட்டடி அது. கனமான கல் சுவர், ஆள் குனிந்து நுழைய வேண்டிய வாசல், உள்ளே வரிசையாக அறைகள். அந்தக் கைதிகள் போனபின் கொஞ்ச காலம் லாக்கப்பாக இருந்தது. அதுவும் வேறிடம் போய், வௌவால் குடியேறிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு அதிகாரிக்கு நல்ல யோசனை வந்தது. சுற்று வட்டாரத்தில் கிடைத்த பழைய காசு, உடைந்த சிலை, புலித்தோல், நடுகல், கைதிகளுக்குப் பூட்டிய விலங்குகள் எல்லாவற்றையும் அங்கே வைத்து ஜனங்களுக்குக் காட்டலாம் என்றார். என்னைக் காவலுக்கு வைத்தார்கள். வைக்கும்போதே சொல்லியும் விட்டார்கள்: ஜனங்கள் வந்தால் காட்சிசாலை நடக்கும், வராவிட்டால் மூடிக் கிடங்காக்கிவிடுவோம், உனக்கும் வேலை இல்லை.

ஜனங்கள் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஜெயில் வாசலை மிதித்தவர் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. பெண் கேட்டுப் போன இடத்தில், 'அந்த வூட்டு ஆளு ஜெயிலுக்குள்ள போய் வந்தாராம்' என்று ஒரு பேச்சு எழுந்தால் போதும், தாம்பூலம் திரும்பிவிடும். சும்மா பார்த்துவிட்டு வந்தார் என்று யார் விளக்கிக்கொண்டிருப்பது?

வாசலோடு போனவர்

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகிறவர்களைப் பார்த்து வாசலில் நின்று கூப்பிடுவேன். பாதிப் பேர் ரோட்டின் அந்தப் பக்கம் மாறி நடப்பார்கள். ஒருநாள் ஒரு குடியானவர், கக்கத்தில் குடை, கையில் ஒரு சேவல், நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புலித்தோலைச் சொன்னேன், பழைய ராஜாக்களின் காசைச் சொன்னேன். அவர் குனிந்து, வாசல் வழியாக உள்ளே இருக்கும் கம்பிக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சேவலும் பார்த்தது.

"டிக்கெட்டு எவ்ளோங்க?" என்றார். இலவசம் என்றேன். சேவலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உள்ள போறதுக்குக் காசு வேணாங்கறீங்க, சரி. வெளிய வுடறதுக்கு எவ்ளோ?"

என் வீட்டு வாசலில்

ஊரார் அப்படியென்றால் என் வீட்டில் வேறு எப்படி இருக்கும்? சாயங்காலம் நான் திரும்பும் நேரத்துக்கு என் மனைவி தெருவில் ஒரு குடம் தண்ணீரோடு நிற்பாள். மார்கழியானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, தலையில் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். எதிர்வீட்டார் தினமும் வேடிக்கை பார்ப்பார்கள். கெஞ்சிப் பார்த்தேன். அங்கே இப்போது ஒரு கைதியும் இல்லை, எல்லாம் சாமி சிலையும் ராஜா காசும்தான், கோவிலுக்குப் போய் வருகிறவன் தலையில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்டேன்.

அவள் குடத்தைக் கீழே வைக்கவில்லை. சொன்னாள்: "கோவில்ல இருந்து வர்றவரு மூஞ்சி இப்பிடியா இருக்கும்? நாளைக்கு நாலு பேரை அங்க உள்ள வரவெச்சுக் காட்டுங்க, தண்ணிய நிறுத்தறேன்."

பழைய குடித்தனக்காரர்

முதன்முதலில் கூப்பிடாமலே உள்ளே வந்தவர் ஒரு கிழவர். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திராமல் வண்டி பிடித்து வந்ததாகச் சொன்னார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே மூன்றாவது அறைக்குப் போய், புலித்தோலைத் தாண்டி, மூலையில் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினார். இது லாக்கப்பாக இருந்தபோது, ரிசர்வ் காட்டில் மரம் வெட்டியதற்காக அந்த அறையில் இருந்தவராம்.

புலித்தோலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காற்று எந்தச் சந்து வழியாக வரும், மழைக்கு எங்கே ஒழுகும், பக்கத்து அறைக்காரனோடு பேசச் சுவரில் எங்கே வாய் வைக்க வேண்டும் என்று எல்லாம் காட்டினார். பேரன் பேத்திகளைக் கூட்டிவந்து காட்டுவதாகவும் சொன்னார். அவருக்கு அந்த இடத்தைப் பற்றி வெட்கம் இல்லை, கோபமும் இல்லை. போகும்போது வெள்ளையடித்த சுவரைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க. அப்பவே இப்பிடி இருந்திருந்தா இன்னும் ரெண்டு மரம் வெட்டியிருப்பேன்."

வளையல்காரர் கை

வளையல் கோத்த மலாரத்தைத் தோளில் போட்டு ஊர் ஊராக விற்கும் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்க உள்ளே வந்தார். ஊர் சுற்றுகிறவருக்குச் சாங்கியம், தீட்டு பார்ப்பதெல்லாம் கொஞ்சம் குறைவு. ஒரு மேஜையில் கைவிலங்கு ஒன்று வைத்திருந்தேன். அது பூட்டியே இருந்தது, சாவி எந்தக் காலத்திலோ தொலைந்தது. அவர் அதை எடுத்து வளையத்தை விரலால் அளந்தார். "இத்தனை வருசமா எத்தனை கைக்கு வளையல் ஏத்தியிருக்கேன்? கை நுழையாத வளையமே கிடையாதுங்க. கட்டை விரலை மடிக்கத் தெரியணும், அவ்ளோதான்" என்றார். நான் வேண்டாம் என்பதற்குள் மடித்தார், முறுக்கினார், நுழைத்தும்விட்டார். எனக்கே ஆச்சரியம். ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை. இழுக்க இழுக்கக் கை வீங்கியது.

அவர் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். வாசலில் தயங்கி நின்றார்கள். பிறகு ஒருத்தி எட்டிப் பார்த்தாள், "அய்யோ, நம்ம வளையல்காரரு!" என்றாள். அவ்வளவுதான், குனிந்த தலையோடு அத்தனை பேரும் உள்ளே. ஒருத்தி வீட்டுக்கு ஓடி விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள். ஊற்றித் தேய்த்தார்கள், நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அலறினார். அவருடைய வாடிக்கைக்காரி ஒருத்தி, அவர் கையை நன்றாக அழுத்திப் பிசைந்தபடி சொன்னாள்:

"எங்க கையைப் புழியறப்பல்லாம் 'வலிக்காது ஆத்தா, வலிக்காது'ன்னு பாடுவியே, இப்பப் பாடு பாக்கலாம்!"

கை வந்துவிட்டது. வந்த பெண்கள் உடனே போகவில்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, புலித்தோலின் வாலைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். அடுத்த வாரம் வேறு ஊர்ப் பெண்கள், வளையல்காரர் கை மாட்டிய விலங்கைக் காட்டு என்று வந்தார்கள். என் மனைவியும் அவர்களோடு ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் தெருவில் குடம் இல்லை.

மலைக்காரர்கள் கேட்ட விடுதலை

உலகச் சண்டைக் காலம் வந்தது. தானியத்துக்குத் தட்டுப்பாடு, ரேஷன். ராகி மூட்டைகளைப் பூட்டி வைக்கக் கெட்டியான கட்டடம் வேண்டும் என்று தேடினார்கள். எங்கள் கட்டடத்தை விடக் கெட்டியானது எது? ஆபீசர் ஒருவர் சேலத்திலிருந்து வந்து பார்த்து முடிவு செய்வார் என்று தகவல் வந்தது. அந்த நாளுக்குள் என் மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். எனக்குக் காலையில் எழுந்து போக அந்த இடம் ஒன்றுதான் மிச்சம். சிலைகளைத் துடைத்து வைத்துவிட்டு, யாராவது நாலு பேர் வரமாட்டார்களா என்று வாசலில் நின்றேன்.

ஆபீசர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வத்தல்மலைப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஆண்களும் பெண்களுமாக, தலையில் சாமைச் சோற்று மூட்டை, தேன் குடுக்கை, பூ. ரோடு அகலப்படுத்தியபோது எடுத்து எங்களிடம் கொண்டுவந்து வைத்த நடுகல், அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் கல்லாம். மாடு மீட்கப் போன சண்டையில் செத்தவர். வருஷா வருஷம் புதுச் சாமை அறுத்ததும் அவருக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். போன இடம் தெரியாமல் தேடி, கடைசியில் ஜெயிலில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஜெயிலில் இருப்பவரைப் பார்க்கப் போகிற மாதிரியே சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, கம்பி வழியாகக் கல்லின் முன்னால் இலையைத் தள்ளினார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது என்று நான் சொன்ன பிறகே உள்ளே போனார்கள்.

அந்த நேரத்தில் ஆபீசர் கார் வந்து நின்றது. தொப்பியைக் கழற்றிக் குனிந்து உள்ளே வந்தவரை அந்தக் கூட்டத்தின் பெரியவர் ஜட்ஜ் என்றே நினைத்துவிட்டார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"சாமி, எங்க பாட்டனை என்ன கேஸுல புடிச்சீங்க? மாட்டுச் சண்டைதானுங்களே? மாட்டுக்காரனும் போயிட்டான், மாடும் போயிருச்சு. இன்னுமா கேஸு நடக்குது?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது அவர் குணம். இது தண்டனை இல்லை, பாதுகாப்பு என்று பொறுமையாக விளக்கினார். பெரியவர் தம் ஆட்களிடம் போய்ப் பேசினார். ரோட்டோரம் வெயிலில் நின்றதற்கு இங்கே கூரை இருக்கிறது என்றாள் ஒரு அம்மாள். எறும்பு இல்லை என்றான் இன்னொருவன். பெரியவர் திரும்பி வந்தார்.

"இருக்கட்டுங்க. ஆனா கதவைப் பூட்டக் கூடாது. நாங்க எப்ப வந்தாலும் பாக்கணும். பூட்டறதா இருந்தா சொல்லிருங்க, இப்பவே தூக்கிக்கிட்டுப் போறோம்."

பூட்டாத கிடங்கில் ரேஷன் மூட்டையை வைக்க முடியாது. ஆபீசர் அறைகளைச் சுற்றிப் பார்த்தார். அம்மாள் கொடுத்த சாமைச் சோற்றை நின்றபடியே சாப்பிட்டார். காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"மூட்டைக்கு வேற எடம் பாத்துக்கறேன். இவரை வெளியேத்தினா மலை ஏறிப் போய் யாரு பதில் சொல்றது? நீரு தொறந்தே வையும்."

அந்தக் கொட்டடியில் எத்தனையோ பேர் இருந்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிவு எதுவும் கேட்காமல் முழுக்காலமும் இருந்துவிட்டு, வேலைக்காலம் முடிந்து போகச் சொன்ன நாளில் இன்னும் கொஞ்சம் இருக்கிறேனே என்று கெஞ்சியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.