காலியாக ஓடிய முதல் பஸ்

வாளி அக்கா வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது எந்த பஸ்ஸுக்கும் ஓட வேண்டியதில்லை. ஆனாலும் விடியற்காலையில் முதல் பஸ் தெருமுனையில் உறுமிக்கொண்டு திரும்பும்போது விழிப்புத் தட்டிவிடும். படுத்தபடியே ரொட்டிக்கடை நிறுத்தம், ஆஸ்பத்திரி வளைவு, பாலத்து இறக்கம் என்று மனத்தால் ஒரு நடை போய்வருவாள்.

"உடம்பு பாயில, உசுரு பஸ்ல" என்பார் அவள் கணவர். அவர் சலூன் வைத்திருந்தவர். கத்தரிக்கோலைவிட அவர் வாய்க்கு வேலை அதிகம்.

ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில் தரை துடைப்பதுதான் அவள் வேலை. அங்கே இருந்த வாளிகளுக்கெல்லாம் கைப்பிடி அறுந்திருந்ததால் தன் வாளியையே தினமும் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். பட்டப்பெயர் அப்படி வந்தது. பஸ்ஸில் அந்த வாளி அவள் கால்களுக்கு நடுவே இருக்கும். அவள் சாப்பாட்டு டப்பாவோடு, கூட வருகிறவர்களின் குடையும் பையும் அதற்குள்ளேயே பயணம் செய்யும்.

ஊர் விழிப்பதற்கு முன்னால் ஊரைத் தயார் செய்கிறவர்களின் பஸ் அது. ரொட்டிக்கடையில் அடுப்பு மூட்டும் பெரியவர், ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போகும் அம்மா, காவல் முடிந்து வீடு திரும்பும் இரண்டு வாட்ச்மேன்கள், அக்காவைப் போலத் துடைப்பமும் துணியுமாகப் பிழைக்கும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லோரிடமும் மாதப் பாஸ். எல்லோருக்கும் அவரவர் இருக்கை. ஒருவர் வராவிட்டால் அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். காய்ச்சலா, கல்யாணமா என்று விசாரிப்பு நடக்கும்.

கண்டக்டருக்கு அவர்கள் வைத்த பெயர் கொட்டாவி. முந்தின இரவின் கடைசி பஸ்ஸும் அவனுடையதுதான். டிப்போ பெஞ்சில் கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டு அப்படியே முதல் பஸ்ஸில் ஏறுவான். டபுள் டூட்டி. ஒருநாள் நின்றபடியே தூங்கிப்போய்க் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

பெரியவர் அவன் தோளைப் பிடித்து முன் இருக்கையில் உட்கார வைத்தார். "தூங்கு தம்பி. நாங்க எல்லாரும் பாஸ்காரங்க. பஸ்ஸத் தூக்கிட்டா ஓடப்போறோம்?"

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கொட்டாவி ஆஸ்பத்திரி வளைவுவரை தூங்குவான். விசில் பயணிகள் கைக்கு வந்துவிடும். ஊதுகிற மூச்சை வைத்தே யார் என்று டிரைவர் சொல்லிவிடுவார். பெரியவர் ஊதினால் பாதியில் காற்றுப் போய்விடும். அக்கா ஊதினால் நீளமாகப் போகும்.

"என்னக்கா, பஸ்ஸ ஓட்டவா, ரயிலா ஓட்டவா?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார்.

"எதையாவது ஓட்டுங்க. இருட்டு வெளுக்கிறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்தா போதும்."

எப்போதாவது ஒரு புது ஆள் ஏறிப் பையில் கையை விட்டால், அக்கா கொட்டாவியின் முழங்காலைத் தட்டுவாள். "தம்பி, காசு ஏறியிருக்கு." அவன் எழுந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் சரிவான். பஸ் முழுக்கச் சத்தமில்லாத சிரிப்பு ஓடும். அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லும்போது அக்காவின் குரல் இப்போதும் தணிந்துவிடும், அவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

பிறகு ஒருநாள் பஸ்ஸுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போதிய பயணிகள் இல்லாததால் முதல் நடை நிறுத்தப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரலாம்.

"பயணிகள் இல்லையாமே" என்றார் பெரியவர். "அப்ப இத்தனை நாளா ஏறினது என்ன, பேயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பஸ் நன்றாக விடிந்த பிறகுதான். வங்கி ஆட்கள் வருவதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும். தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று துப்புரவு வேலை மேஸ்திரி முன்பே சொல்லி வைத்திருந்தான். பஸ் போனால் வேலையும் போகும்.

கூட்டத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது கணவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார்.

"போய் என்ன பேசுவ? லாபம் நஷ்டமெல்லாம் பொருளாதாரம். படிச்சவங்க சமாச்சாரம்."

"பஸ்ஸ நிறுத்துறது அவங்க சமாச்சாரம். நடந்து சாகிறது மட்டும் நம்ம சமாச்சாரமாக்கும்."

"எனக்கு முடி வெட்டத்தான் தெரியும்மா."

"வாடகை ஏறினப்ப வெட்டுக்கூலிய ஏத்துனீங்கல்ல? யாரைக் கேட்டு ஏத்துனீங்க? அதுக்குப் பேர் என்னவாம்?"

அவர் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்குப் பேரு வயிறு" என்றார்.

"அதேதான் இதுக்கும்."

மறுநாள் காலையில் அக்கா கொட்டாவியைத் தூங்க விடவில்லை. ஆள் இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டாள். அவன் டிக்கெட் மெஷினைத் திருப்பிக் காட்டினான்.

"பாஸ்காரங்க ஏறினா ஆளுக்கு ஒருதடவை இந்தப் பட்டனை அமுக்கணும்க்கா. அப்பத்தான் பாஸ் காசுல இந்த பஸ்ஸுக்கும் பங்கு விழும்." மெஷினைக் கீழே இறக்கினான். "நான் தூங்கிட்டுத்தான இருந்தேன். மெஷினப் பொறுத்தவரைக்கும் நீங்க யாருமே ஏறல."

அவர்கள் அவனுக்குக் கொடுத்த தூக்கம் அவர்கள் தலைமேலேயே வந்து விழுந்திருந்தது.

"இன்னிலேர்ந்து அமுக்கு" என்றார் பெரியவர்.

"அமுக்கறேன். நேத்துவரைக்கும் இவங்கல்லாம் எங்க இருந்தாங்கன்னு கேட்டா என்ன சொல்றது? தூங்கினேன்னு தெரிஞ்சா வேலை போயிரும் பெரியவரே."

"காட்டிக் கொடுக்கக் கூடாது" என்று பெரியவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரிச் சமையலறை அம்மா வெடுக்கென்று திரும்பினாள். "பஸ் நின்னுட்டா நீங்க என்ன, பறந்து போய் அடுப்பு மூட்டுவீங்களா?"

அக்கா இறங்கும்போது கொட்டாவி வாளியை வழக்கம்போல எடுத்துக் கொடுத்தான்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் நாற்காலிகள்தான் அதிகம். வந்த சிலரிலும் இரண்டு பேர் மின்விசிறிக்கு அடியில் கண்ணயர்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் களைத்த முகமுள்ள ஒரு பெண் அதிகாரி. அக்காவின் முறை வந்தது.

"முதல் நடையில சராசரியா ஒரு ஆள்கூட ஏறலம்மா" என்றார் அதிகாரி.

"எண்ணினது தப்பு மேடம்."

"யாரோட தப்பு?"

அக்கா பிடிப்பதற்கு ஏதாவது தேடினாள். நாற்காலியின் முதுகுதான் கிடைத்தது. மெஷின் பழுது என்று சொல்லிவிடலாம். மெஷினைச் சோதிப்பார்கள், பழுதில்லை என்பார்கள், பஸ்ஸை நிறுத்துவார்கள்.

"எங்க தப்பு. கண்டக்டரத் தூங்கச் சொன்னது நாங்க. விசில் ஊதினதும் நாங்க."

அதிகாரியின் பேனா நின்றது. "டூட்டியில தூங்கினாரா?"

"தூங்கினாரு. முந்தின நாள் கடைசி பஸ்ஸும் அவருதான். ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள் வேலை கொடுத்தது உங்க கணக்குல மிச்சம்னு இருக்கும். அதால விட்டுப்போன எங்களை நஷ்டம்னு எழுதியிருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க மேடம்."

"டூட்டி போடுறது என் கையில இல்லம்மா" என்றார் அதிகாரி. சாக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை. "அதுக்கு வேற குழு, வேற கூட்டம்."

"அது எப்ப?"

தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் விழித்துச் சிரித்தார். அதிகாரியும் சிரித்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புவதாகக் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றாள் அக்கா. "ஒரு மாசம் சரியா எண்ணிப் பாருங்க. அப்பவும் டிக்கெட் காசு பத்தலைன்னா எங்க தலையில மட்டும் கட்டாதீங்க. அந்த நேரத்துல நாங்க போகலைன்னா வங்கியும் திறக்காது, ஆஸ்பத்திரியில கஞ்சியும் வேகாது. அவங்களும் ஒரு பங்கு போடட்டும்."

பஸ் நிற்கவில்லை. எண்ணிப் பார்த்தபோது முதல் நடையில் போதிய ஆட்கள் ஏறுகிறார்கள் என்று தெரிந்தது. வங்கியும் ஆஸ்பத்திரியும் பங்கு போடுவது பற்றி ஒரு பதிலும் வரவில்லை. கொட்டாவியின் வேலை போகவில்லை. ஆனால் சம்பள உயர்வை நிறுத்தி, பஸ் கழுவும் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

புது கண்டக்டர் நல்ல பையன். ஆளுக்கு ஒரு அமுக்கு, தவறாமல். யாரும் தூங்கவில்லை, யாரும் ஊதவில்லை. பெரியவர் தன் குடையை அக்காவின் வாளியில் வைப்பதை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் பிழைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த பஸ் என்று அக்கா தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

டூட்டிக் குழுவின் கூட்டத்துக்குத் தகவல் வந்ததும் அவள் டிப்போவுக்குப் போனாள். கொட்டாவி ரப்பர் குழாயைப் பிடித்து ஒரு பஸ்ஸின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கோவமா தம்பி?"

"கோவந்தான். இல்லைன்னா பொய்."

"சரி."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவன் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான். "ஆனா இப்ப ராத்திரி தூங்குறேன்க்கா" என்றான், சக்கரத்தைப் பார்த்து. "எம் புள்ளை முகத்தப் பகல்ல பாக்குறேன்."

"உன் இடத்துக்கு வந்த பையனுக்கும் டபுள் டூட்டிதான். நேத்து நின்னுக்கிட்டே கண்ணு சொருகுறான். கூட்டத்துல நான் சொன்னா அது கேள்விப்பட்டது. நீ சொன்னா நடந்தது."

"நானா? மைக்கு முன்னாடியா? எனக்கு இந்த வரவு செலவெல்லாம் ஒண்ணும் புரியாதுக்கா."

"எனக்கும் புரியாது. அவங்க ஒண்ணு சொன்னா, அது யார் கையில இருக்குன்னு கேக்கறேன். அவங்க இன்னொருத்தரைக் காட்டுறாங்க. அங்க போய்க் கேக்கறேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச படிப்பு."

தண்ணீர் அவள் செருப்புவரை வந்துவிட்டது. கொட்டாவி குழாயை மூடினான்.

"சட்டை என்ன போடறது?" என்று கேட்டான். "யூனிபார்மா, சாதா சட்டையா?"

"கண்டக்டர் யூனிபார்மே போடு" என்றாள் அக்கா. "யாருக்காகப் பேச வந்திருக்கன்னு பாத்ததும் தெரியட்டும்."