நீச்சல் கட்டத்தில் ஆறு டிக்

என் டைரியில் அந்த நாளுக்கு நேரங்கள் மட்டும் இருக்கின்றன. ஃபெர்ரி ஏறியது 6.40. தீவில் இறங்கியது 8.05. பாறையில் கால் வைத்தது 9.30. அதற்குப் பிறகு 10.50 வரை ஒன்றுமில்லை. விட்டுப்போன அந்த நேரத்தை இப்போது எழுதுகிறேன்.

ஓமானில், சோஹார் துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பதிவேடு பார்ப்பது என் வேலை. தினமும் டியூட்டிக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தின் தாள் என்னிடம்தான் வரும். ஹெல்மெட் உண்டா, பெல்ட் உண்டா, சொன்னது புரிந்ததா. பஸ் தாமதமாகி வந்து சேராதவருக்கும் டிக் விழும். பேனா மேலிருந்து கீழே ஓடும். கண் வேறெங்கோ இருக்கும்.

ஈத் லீவுக்கு, நாங்கள் தங்கும் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆறு பேர் மசீரா தீவுக்குப் போனோம். கரையோரப் பாறைகளில் ஏறி இறங்கி, வழி முடிகிற இடத்தில் கடலில் குதித்து நீந்தி, மறுபடி பாறை ஏறிப் போவது. கூட்டிப் போக ஒரு வழிகாட்டி; ஆளுக்கொரு ஹெல்மெட்டும் மிதவை ஜாக்கெட்டும் அவரே கொடுத்தார். கடலடியில் எரிமலைக் குழம்பு உறைந்து தலையணை அடுக்கியது போலக் கிடக்கும் பாறைகள் அங்கே உண்டு என்று படித்திருந்தேன். அதைப் பார்க்க மற்றவர்களை இழுத்துப் போனது நான்தான்.

வழிகாட்டி நீட்டிய படிவத்தை வழக்கம்போல ஆறு பேருக்கும் நானே நிரப்பினேன். வயது, ரத்த வகை, நீச்சல் தெரியுமா. என் ரூமில் மேல் கட்டிலில் படுக்கும் சிவகங்கைக்கார வெல்டர் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னான்: "அண்ணே, நமக்கு நீச்சல் வராது. போட்டுருங்க."

"ம்" என்றேன். நீச்சல் கட்டத்தில் ஆறு டிக் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. கறுத்த பாறை, துளை துளையாக, கையை அறுத்தது. பிறகு பாறை பிளந்து ஒரு பஸ் நீளத்துக்குக் கடல் உள்ளே வந்த இடம். அலை நுழைந்தால் பொங்கும். திரும்பினால் அடியில் சிப்பி ஒட்டிய கூர்முனைகள் தெரியும். வழிகாட்டி, யாழ்ப்பாணத்தவர், முதலில் நீந்திப் போய் அக்கரையில் தோளில் கயிற்றோடு நின்று, ஒவ்வொருவராகக் கைகாட்டினார். நான்கு பேர் குதித்துப் போய்விட்டார்கள்.

"வாங்க வெல்டரே, தண்ணி சுடாது!" என்று ஒருவன் அங்கிருந்து கத்தினான்.

"பயமில்லையா?" என்று பக்கத்தில் நின்ற வெல்டரிடம் கேட்டேன்.

"எதுக்குண்ணே? பேப்பர்ல எழுதிக் குடுத்தோம்ல. நமக்குன்னுதான் கயிறு வச்சிருக்காரு பாருங்க."

அப்போதுதான் அந்தக் கட்டம் கண்முன் வந்தது. திரும்பிப் பார்த்தேன்; நாங்கள் வந்த விளிம்பின் மேல் அலை ஏறிக்கொண்டிருந்தது. சொன்னால் எல்லோருக்கும் தெரியும், பதிவேடு பார்ப்பவன் பார்த்த லட்சணம். அந்த நினைப்பிலும் சில நொடிகள் போயின. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் குதிக்க முழங்காலை மடக்கினான். ஜாக்கெட்டின் பின்பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இவருக்கு நீச்சல் தெரியாது!" இரண்டு முறை கத்தினேன்.

"என்ன? பேப்பரில டிக் கிடக்கே!" என்றார் வழிகாட்டி அக்கரையிலிருந்து.

"நான் தப்பாப் போட்டுட்டேன்!"

அவர் எங்களுக்குப் பின்னாலிருந்த தண்ணீரைப் பார்த்தார். திட்டவில்லை. திரும்ப நீந்தி வந்து ஏறி, கயிற்றை அவன் ஜாக்கெட்டில் முடிச்சிட்டார். "முதலே தெரிஞ்சிருந்தால் மேல் பாதையால கூட்டிக்கொண்டு போயிருப்பன். இனிப் பின்னால போகேலாது. அண்ணை, மல்லாந்து படுங்கோ, வானத்தைப் பாருங்கோ. கை காலை அடிச்சால் ரெண்டு பேரும் பாறையில மோதுவம்."

அவன் என்னைப் பார்த்தான். "போடலையாண்ணே?"

பிடித்திருந்த பட்டையை விட்டேன்.

வழிகாட்டி அவனை இழுத்துக்கொண்டு நீந்தினார். நடுவில் ஓர் அலை வந்து இரண்டு ஹெல்மெட்டையும் மூடியது. எண்ணினேன், பயந்தால் எண்ணுவது என் பழக்கம். ஏழு வரை வந்தபோது வழிகாட்டியின் சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. அவனுடைய வெள்ளை இல்லை. ஒன்பதில் வெள்ளையும் வந்தது. அவன் இருமுவது அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அடுத்து நான் குதித்தேன். குதித்தது நினைவில் இல்லை.

அக்கரையில் வழிகாட்டி பிளாஸ்டிக் உறையிலிருந்து படிவத்தை எடுத்தார். "இதைச் சரிபண்ணித் தாங்கோ." தவறை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்தும் நேரமும் எழுத வேண்டும் என்று நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். நேரம் 10.50.

அடுத்த மாதம் அவன் ஊருக்குப் போக லீவு ஃபாரம் வந்தது. நான்கு வருஷமாக நான்தான் எழுதிக் கொடுப்பேன். இம்முறை மேல் கட்டிலில் குப்புறப் படுத்து, இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக அவனே எழுதினான். பிறகு பாஸ்போர்ட்டை மட்டும் கீழே நீட்டினான்.

"நம்பரை வாசிங்கண்ணே. நான் சரிபாத்துக்கிறேன்."

ஒவ்வொரு எண்ணுக்கும் நிறுத்தி வாசித்தேன்.